மின்ட் போடலாமா, உபுண்டு போடலாமா? லினக்ஸுக்குப் புதுசா வர்றவங்களுக்குக் கேள்வி பதில்

பழைய வண்ணாரப்பேட்டையில கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். 2007லேருந்து என் மெஷின்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்ங்கற ஆபரேட்டிங் சிஸ்டம்தான். மின்ட், உபுண்டு ரெண்டும் லினக்ஸ் குடும்பம்தான். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிஞ்சதிலேருந்து கடைக்கு வர்றவங்க பாதிப்பேர் இதையேதான் கேக்கறாங்க. அதனால இந்த ஞாயித்துக்கிழமை ஷட்டரை இறக்கிட்டு உக்காந்திருக்கேன், கேளுங்க. ஒண்ணே ஒண்ணு: போட்டோ, சர்டிஃபிகேட் ஸ்கேன், எல்லாத்தையும் முதல்ல வேற டிஸ்க்ல காப்பி எடுங்க. எடுத்துட்டு வந்து கேளுங்க.

வியாசர்பாடி, காலேஜ் பையன்: அண்ணே, 2016ல வாங்குன லேப்டாப், 4 ஜிபி ராம். விண்டோஸ் 11 ஏறாதுன்னுட்டாங்க. மின்ட்டா, உபுண்டுவா?

நம்ம பக்கத்துல மின்ட்னா வள்ளலார் நகர் பஸ் ஸ்டாண்டு. அங்க இறங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா மனசு மாத்தக் கூடாது தம்பி. மின்ட்டே போடு.

விண்டோஸ் 11 கேக்கறது டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்புச் சில்லும் கொஞ்சம் புது பிராசஸரும். உன் மெஷின் செத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல. மின்ட்ல மூணு வகை டெஸ்க்டாப் (திரையில தெரியற தோற்றம்) இருக்கு: சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ. 4 ஜிபிக்கு எக்ஸ்எஃப்சிஇ எடு. உபுண்டுவும் ஓடும், ஆனா அதோட டெஸ்க்டாப் ராமை நிறைய தின்னும். உள்ளுக்குள்ள எல்லாம் ஒரே குடும்பம்தான். 1993ல டெபியன், அது மேல 2004ல உபுண்டு, அது மேல 2006ல மின்ட். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் வரும், அதுக்குள்ள நீ வேலைக்கே போயிருப்ப.

ஐஎஸ்ஓ ஃபைலை, அதாவது மொத்த மின்ட்டும் அடங்கின ஒரே ஃபைலை, அவங்க தளத்துலேருந்தே இறக்கு. இறக்கினதும் செக்சம் (ஃபைல் மாறாம இறங்குச்சான்னு காட்டற நீள எண்) ஒத்துப்போகுதான்னு பாரு. இது வெட்டி வேலைன்னு எல்லாரும் தாண்டிப் போறாங்க. 2016 பிப்ரவரியில மின்ட்டோட தளத்துக்குள்ளயே எவனோ புகுந்து, திருட்டு வாசல் வச்ச ஐஎஸ்ஓவுக்கு லிங்க்கை மாத்திட்டான். சரியான செக்சத்தோட ஒத்துப் பாத்திருந்தா அது திருட்டு ஃபைல்னு தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் பென்டிரைவ்ல எழுதி, ஆன் பண்ணும்போது எஃப் 12 தட்டி (எச்பின்னா எஃப் 9) அதுலேருந்து பூட் பண்ணு. இன்ஸ்டால் பட்டனைத் தொடாதே. ரெண்டு நாள் பென்டிரைவ்லயே ஓட்டு. வைஃபை வருதா, சத்தம் வருதா, மூடித் திறந்தா தூக்கத்துலேருந்து எழுந்துக்குதா, பாரு. எல்லாம் சரின்னா காப்பி எடுத்துட்டு இன்ஸ்டால் பண்ணு. வைஃபை மட்டும் வரலைன்னா போனை கேபிள்ல சொருகி யூஎஸ்பி டெதரிங் (போன்ல இருக்கற நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கறது) போட்டுட்டு, டிரைவர் மேனேஜரைத் திற. பாதி கேஸ் அங்கயே முடிஞ்சிடும்.

திருவொற்றியூர், இல்லத்தரசி: தம்பி, பையன் லினக்ஸ் போட்டுக் கொடுத்துட்டு ஓசூர் வேலைக்குப் போயிட்டான். சி டிரைவ், டி டிரைவ் எதையுமே காணோமே?

காணாம போகலக்கா, அந்தப் பேரே இங்க கிடையாது. விண்டோஸ்ல ஒவ்வொரு டிரைவும் தனி வீடு. இங்க மொத்தமும் ஒரே வீடு. வாசல் ஒரு சாய்வுக் கோடு (/), அதுக்குள்ளதான் எல்லா ரூமும். உங்க ரூம் ஹோம், உங்க படம், பாட்டு எல்லாம் அதுலதான். பென்டிரைவ் சொருகினா அதுவும் இதே வீட்ல இன்னொரு ரூமாத்தான் தெரியும். ஹோமைத் தாண்டி வெளியில இருக்கறதை அழிக்கப் போனா பாஸ்வேர்டு கேக்கும். கேட்டா கொடுக்காதீங்க, பையனுக்குப் போன் பண்ணுங்க. இன்னொண்ணு, ஃபைல் பேர்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்கும். ஒரே பேரை ரெண்டு விதமா அடிச்சா ரெண்டு ஃபைல் ஆயிடும். படமெல்லாம் காப்பி இருக்கான்னு பையனைக் கேளுங்க.

காசிமேடு: எந்த லினக்ஸ் பெஸ்ட்?

மேல வியாசர்பாடி தம்பிக்குச் சொன்னதுதான்.

பெரம்பூர், ஐடிஐ மாணவர்: விண்டோஸும் லினக்ஸும் சேத்துப் போட்டேன். விண்டோஸுக்குள்ள போனா கடிகாரம் அஞ்சரை மணி நேரம் பின்னாடி ஓடுது. பேட்டரி போச்சா?

பேட்டரி நல்லாத்தான் இருக்கு. அஞ்சரைன்னு சொன்னதுமே தெரிய வேணாமா? நம்ம நாட்டு நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் உள்ள வித்தியாசமே அதான். போர்டுல இருக்கற கடிகாரத்துல லினக்ஸ் உலக நேரத்தை வைக்குது, விண்டோஸ் அதை உள்ளூர் நேரம்னு நினைச்சுப் படிக்குது. லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாத்தச் சொல்லி ஒரு வரிக் கட்டளை இருக்கு. எழுத மாட்டேன். நான் எழுதினா கண்ணை மூடிட்டு ஒட்டுவ. நாளைக்கு வேற எவனாவது எழுதினதையும் அதே மாதிரி ஒட்டுவ. timedatectlனு தேடி, அதோட மேன் பக்கத்தை, அதாவது கையேட்டை, படி. பத்து நிமிஷம்தான்.

விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் நிறுத்திடு. இல்லாட்டி டிஸ்க்ல விண்டோஸ் இருக்கற பகுதியை லினக்ஸ்லேருந்து படிக்கலாம், எழுத விடாது.

தண்டையார்பேட்டை, டிடிபி சென்டர்: இருபது வருஷமா பத்திரிகை, நோட்டீஸ் அடிக்கறேன். வானவில் ஃபான்ட்ல அடிச்ச பழைய ஃபைலை லினக்ஸ்ல திறந்தா இங்கிலீஷ் எழுத்தா உளறுது. தமிழ் எப்படி அடிக்கறது?

சார், அது உளறல. வானவில்ல ‘அ’னு நீங்க பாத்தது உள்ளுக்குள்ள ஏதோ ஒரு இங்கிலீஷ் எழுத்தோட எண்தான், ஃபான்ட் மேல தமிழ்ச் சட்டை போட்டிருந்துச்சு. ஃபான்ட் இல்லாத மெஷின்ல சட்டை கழண்டுடும். கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடா (எல்லா மெஷினுக்கும் பொதுவான எழுத்து முறை) மாத்திக்குங்க. மாத்தினதும் ‘கெ’, ‘கொ’ வர்ற இடத்தையெல்லாம் ஒரு தடவை கண்ணால பாருங்க. பழைய முறையில கொம்பு முதல்ல, எழுத்து அப்புறம். யூனிகோடுல எழுத்து முதல்ல, கொம்பு அப்புறம். சரியில்லாத கன்வெர்ட்டர் தடுக்கி விழற இடம் அதுதான்.

புதுசா அடிக்க ஐபஸ் எம்17என்ங்கற சாஃப்ட்வேரைப் போட்டுக்குங்க. தமிழ்99, ஃபோனெட்டிக் (இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா தமிழா மாறறது), தட்டச்சு (பழைய டைப்ரைட்டர் முறை) எல்லாம் அதுல இருக்கு. என்னைக் கேட்டா தமிழ்99. 1999ல சென்னையில நடந்த மாநாட்ல முடிவான விசைப்பலகை. உயிரெழுத்து இடது கையில, மெய் வலது கையில. ஒரே எழுத்தை ரெண்டு தடவை தட்டினா முதல் எழுத்துல புள்ளி தானா விழும்.

கொருக்குப்பேட்டை, பி.காம் மாணவி: அண்ணா, போன்ல எல்லாரும் தங்க்லீஷ்லதான் தட்டறோம். ஃபோனெட்டிக் இருக்கும்போது புதுசா ஒண்ணு எதுக்கு?

எண்ணிப் பாரும்மா. வண்ணாரப்பேட்டை: தமிழ்99ல 11 தட்டு. ஃபோனெட்டிக்ல 15.

அதே மாணவி: உங்க ஏரியா பேரை வச்சு ஜெயிக்கறீங்க! கொருக்குப்பேட்டை உங்க முறையில 13, என் முறையில 14. ஒரு தட்டுக்காகவா ஒரு மாசம் பழகணும்?

எண்ணூர், ஓய்வுபெற்ற வாத்தியார்: என் ஊரை எண்ணுங்க. தமிழ்99ல ஆறு தட்டு, ஃபோனெட்டிக்ல அஞ்சுதான். தம்பி தோத்துட்டாரு.

ஐயா, ஷிஃப்டை யார் எண்றது? ‘ண்ணூ’ அடிக்க ஷிஃப்டை அமுக்கிப் பிடிக்கணுமே. அதையும் சேத்தா ஆறுக்கு ஆறு. அந்தக் கணக்குல வண்ணாரப்பேட்டை 17, கொருக்குப்பேட்டை 15.

மாணவி: அப்போ எண்ணூர் டிரா!

டிராதான், ஒத்துக்கறேன். ஆனா தட்டு எண்ணிக்கையை விட எனக்கு உறுத்தறது வேற. ஃபோனெட்டிக்ல மனசுக்குள்ள முதல்ல இங்கிலீஷ் எழுத்து ஓடுது. மூணு ‘ந’வுக்கும் மூணு ‘ல’வுக்கும் எந்த எழுத்து, எங்க ஷிஃப்டுன்னு யோசிக்கறதுக்குள்ள வாக்கியம் மறந்துடுது. தமிழ்99ல ‘ழ’வுக்குன்னு ஒரு கட்டை, ‘ள’வுக்குன்னு ஒரு கட்டை.

தண்டையார்பேட்டை: நான் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். என் விரல் தட்டச்சுலதான் ஓடும். ரெண்டு பேரும் சண்டையை முடிச்சீங்கன்னா எனக்கு வழி சொல்லுங்க.

மன்னிக்கணும் சார். தட்டச்சு முறையையே வச்சுக்குங்க. இருபது வருஷக் கையை மாத்தச் சொல்றது பாவம். அந்தப் பொண்ணு மாத்தணும்.

மாணவி: மாத்த மாட்டேன்.

சரி, அடுத்தது.

மண்ணடி, கணக்கர்: டேலி ஓடுமா?

விண்டோஸுக்குத்தான் வருது. வைன்னு, விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸ்ல ஓட்ட ஒண்ணு இருக்கு, அதுல ஓட்டிக் காட்றவங்க இருக்காங்க, ஆனா வருஷக் கணக்கு முடிக்கற நேரத்துல அது மக்கர் பண்ணா உங்க முதலாளி என்னைத் தேடிட்டு வருவாரு. அந்த ஒரு மெஷினை விண்டோஸ்லயே விடுங்க.

ராயபுரம், ஜெராக்ஸ் கடை: எச்பி லேசர்ஜெட் 1020, எப்சன் எல் வரிசை ஒண்ணு, கேனான் எல்பிபி 2900. மூணும் ஓடுமா?

எப்சன் பிரச்சினை இல்ல. 1020 ஆன் பண்ற ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர்லேருந்து ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) வாங்கிக்கற ஜாதி. எச்பியோட லினக்ஸ் டிரைவரான எச்பிஎல்ஐபி போட்டு, அதோட ப்ளக்இன்னையும் சேத்துப் போடுங்க. ப்ளக்இன்னை விட்டுட்டு ‘பிரிண்டர் கண்டுபிடிச்சுது, பேப்பர் வரல’ன்னு கடைக்குத் தூக்கிட்டு வர்றாங்க. 2900 கேனானோட சொந்த பாஷை பேசற பிரிண்டர். டிரைவர் இருக்கு, பொறுமைதான் வேணும். கடை நேரத்துல முயற்சி பண்ணாதீங்க.

காசிமேடு: அண்ணே, எம்எக்ஸ், ஃபெடோரா, ஆர்ச், எது பெஸ்ட்?

மேல.

பட்டாளம்: ஹேக்கிங்குக்குன்னு சொல்ற காலி (Kali) லினக்ஸ் போட்டா பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டு கிடைக்குமாமே?

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டாலும் கிடைக்கும். அடுத்தது.

புளியந்தோப்பு: அண்ணே அவசரம். இன்ஸ்டால் பண்ணும்போது ‘எரேஸ் டிஸ்க்’னு வந்துச்சு, ஓகே குடுத்துட்டேன். அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அதுலதான். காப்பி இல்ல.

மெஷினை இப்பவே ஆஃப் பண்ணு. பவர் பட்டனை அமுக்கிப் பிடி. இனிமே அந்த டிஸ்க்ல ஒரு எழுத்து கூட விழக் கூடாது. சாஃப்ட்வேர் தேடறேன்னு அதே மெஷின்லயே இறக்கிடாதே.

உள்ள இருக்கறது ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

புளியந்தோப்பு: பழைய லேப்டாப்ண்ணே, ஹார்டு டிஸ்க்தான். சுத்தற சத்தம் கேக்கும்.

அப்போ வழி இருக்கு. எஸ்எஸ்டின்னா ஃபார்மேட் பண்ணும்போதே பழைய இடத்தையெல்லாம் காலின்னு சொல்லி விட்டுருக்கும், அதுல தேடறதுல பெருசா அர்த்தமில்ல. ஹார்டு டிஸ்க்ல புதுசா எழுதின இடத்துக்கு வெளியில இருக்கறது அப்படியே கிடக்கும். நாளைக்குக் காலையில பத்து மணிக்குக் கடைக்கு எடுத்துட்டு வா. காலியா ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் கொண்டு வா. பென்டிரைவ்லேருந்து பூட் பண்ணி, அழிஞ்ச படத்தைத் தேடி எடுக்கற போட்டோரெக் ஓட்டலாம், ராத்திரி வரைக்கும் ஆகும். வர்றது வரட்டும். படத்துக்கு ஃபைல் பேர் திரும்ப வராது, எண்தான் வரும். எது முகூர்த்தம், எது ரிசப்ஷன்னு அக்காவைப் பக்கத்துல உக்கார வச்சுத்தான் பிரிக்கணும்.