டிராஃபிக்ல மட்டும் சூடாகுற கார்

கேள்வி: அண்ணே, பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருந்து என்3 ஹைவேல வர்றப்ப கார் நல்லாத்தான் ஓடுது, டர்பன் டிராஃபிக்ல நின்னா டெம்பரேச்சர் முள்ளு ஏறுது, ரேடியேட்டர் ஃபேனும் சுத்தல. ஃபேன் மோட்டார் மாத்தணுமா?
– வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: அவசரப்பட்டு மோட்டார் வாங்கிடாதீங்க தம்பி. ஓடுறப்ப எதிர்க்காத்தே ரேடியேட்டரை ஆத்திடும், நின்னாத்தான் ஃபேன் வேணும், கூலண்ட் (எஞ்சினை ஆத்துற திரவம்) சுமாரா 95-100 டிகிரி செல்சியஸ் தொட்டதும் சென்சாரைப் பாத்து ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) ரிலேங்கிற சுவிட்சைப் போடும், அப்புறந்தான் மோட்டாருக்கு 12 வோல்ட் போகும். முதல்ல ஏசி போட்டுப் பாருங்க, நிறைய கார்ல ஃபேன் கொஞ்ச நேரத்துல சுத்திடும். சுத்துச்சுன்னா மோட்டார் நல்லாருக்கு, சென்சார், அதோட வயர், கூலண்ட் அளவு இதையெல்லாம் பாருங்க. சுத்தலைன்னா ஃப்யூஸ், ரிலே, கடைசியா மோட்டாருக்கு நேரா பேட்டரி கரண்ட் கொடுத்துப் பாக்கணும். தயவுசெஞ்சு சூட்டுல ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க, எஞ்சின் ஆஃப்ல இருந்தாலும் ஃபேன் திடீர்னு சுத்தும், கைய உள்ள விட்றாதீங்க.