கோடை விடுமுறையில் பிள்ளைகளை நாட்குறிப்பு எழுத வைப்பது எப்படி?

மூன்றாம் வகுப்பு முடித்த மகன் இரண்டு நாள் எழுதிவிட்டு நோட்டை மூலையில் போட்டுவிடுகிறான், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இதேதான் நடந்தது. நாங்கள் பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகளுக்கு அப்போது 8 வயது.

தவறு என்னுடையது. கோடு போட்ட நோட்டைக் கொடுத்து, தினமும் ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். மூன்றாம் நாள் 'பள்ளம்' என்பதை 'பல்லம்' என்று எழுதியிருந்தாள். பள்ளியில் அவளுக்குக் கன்னடமும் ஆங்கிலமும்தான். தமிழ் எழுத்து நான் சொல்லிக்கொடுத்தது. பிழையைப் பார்த்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துத் திருத்திவிட்டேன். அப்புறம் பத்து நாள் அவள் அந்த நோட்டைத் தொடவே இல்லை. அதுவும் ஒரு ஹோம்வொர்க் ஆகிவிட்டது.

அடுத்து அவளையே கடைக்குக் கூட்டிப்போனேன். கோடு போடாத பெரிய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டாள். "நீயா காட்டினா பார்ப்பேன், இல்லேன்னா தொட மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தேன். இன்றுவரை மீறவில்லை. எல்லாவற்றையும்விட இதுதான் பலன் கொடுத்தது என்று நம்புகிறேன்.

அந்த வாரம் என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். மாடியில் வடாம் பிழிந்தோம். காக்கா ஓட்டும் வேலை மகளுக்கு. குடைக்கு அடியில் உட்கார்ந்து என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தவள், சாயங்காலம் தானாகவே கொண்டுவந்து காட்டினாள். பக்கம் முழுக்க வரிசை வரிசையாகச் சுழிகள். ஒவ்வொரு சுழியும் ஒரு வடாம். போனதன் மேலெல்லாம் பெருக்கல் குறி. அடியில், "மொத்தம் 64. காக்கா 5. நான் 3. பாட்டிக்கு தெறியாது." அந்த 'ற'வைப் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பாதி காய்ந்த வடாம் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டேன். உட்கார்ந்து இன்னும் நான்கு வரி எழுதினாள்.

அதனால் "இன்னைக்கு என்ன பண்ணினே?" என்று கேட்காதீர்கள். "விளையாடினேன், சாப்பிட்டேன்" என்பதோடு முடிந்துவிடும். கையில் ஏதாவது ஒரு பொருள் இருந்தால் பேச்சு தானாக வரும். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே தெருவெல்லாம் மே பிளவர் உதிர்ந்து கிடக்கும். ஒன்றைப் பேப்பருக்குள் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம் விட்டோம். ஒட்டும்போதுதான் அவள் கவனித்தாள்: நான்கு இதழ் சிவப்பு, ஒன்றில் மட்டும் வெள்ளையும் புள்ளிகளும். "இது மட்டும் ஏன் வேற சட்டை போட்டிருக்கு?" என்று பக்கத்தில் எழுதிவைத்தாள்.

இங்கே லால்பாக் தோட்டத்தில் இருக்கும் பாறைக்கும் கூட்டிப்போங்கள். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. அதை எண்ணில் எழுதச் சொன்னேன். 3 போட்டு ஒன்பது பூஜ்யம் போட்டதும், ஒவ்வொரு பூஜ்யத்துக்குள்ளும் ஒரு முகம் வரைந்தாள். அன்றைய பக்கம் அவ்வளவுதான். நிறைவாக இருந்தது.

மொழியைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். எங்கள் வாட்ச்மேன் தாத்தா தினமும் கன்னடத்தில் கேட்கும் "ஊட்டா ஆய்த்தா?" (சாப்பாடு ஆச்சா?) அவள் நோட்டில் தமிழ் எழுத்தில் இருக்கிறது. நடுவில் ஆங்கிலமும் வரும். வரட்டும். எழுத்துக் கூட்டத் தெரியாத சின்னப் பிள்ளை என்றால், அது படம் வரைந்து சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். ஆனால் அது சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுத வேண்டும்.

நேரம் என்று பார்த்தால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வெயிலில் வெளியே விட முடியாத அந்த அரை மணி எங்களுக்குச் சரியாக இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்து என் நோட்டில் எழுதுவேன். இரவில் தூக்கக் கலக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்.

உங்கள் மகன் நடுவில் நான்கு நாள் விட்டுவிட்டால் விடட்டும், விட்ட நாளையெல்லாம் எழுதச் சொல்லாதீர்கள். ஐந்தாம் நாள் ஒரு பஸ் டிக்கெட்டை ஒட்டி, எங்கே போனோம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.