வசந்த காலத்தில் செடி, பூச்சி, விலங்குகளைக் கவனிக்கக் காட்டுக்குத்தான் போக வேண்டுமா?

வேண்டாம். தெருமுனைக் காலி மனையில் ஒரு எருக்கஞ்செடி இருந்தால் போதும். மூன்று வருடமாக நான் பார்ப்பது அதைத்தான்.

கணக்குப்படி சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனால் எங்கள் மதுரைப் பக்கம் மாசிக் கடைசியிலேயே புங்கமரம் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் பளபளவென்று தளிர்க்கத் தொடங்கிவிடும். பங்குனியில் வேப்பம்பூ, அப்புறம் சரக்கொன்றை. காலை ஆறரையிலிருந்து எட்டு மணி வரைதான் நிற்க முடியும். அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் அதுவும் கஷ்டம்.

எருக்கு வருடம் முழுக்கப் பூக்கும் என்பதால் யாரும் அதை மதிப்பதில்லை. பக்கத்தில் போய் ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் ஊசிமுனை அளவில் ஒற்றை வெள்ளைப் புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் முட்டை. வெந்தய நிற இறக்கை, ஓரத்தில் கறுப்பு, முன் இறக்கை நுனியில் வெள்ளைப் பட்டை. புழு வெள்ளையும் கறுப்புமாக வரி போட்டு, நடுநடுவே மஞ்சள் பொட்டு வைத்து, முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்போடு இருக்கும். அது சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும்! வளர்ந்த புழு எடுத்த எடுப்பில் இலையைத் தின்னாது. முதலில் நடுநரம்பைக் கடித்துவிடும். பால் அங்கேயே வடிந்துபோக, அதற்கு அந்தப் பக்கம் உள்ள இலையை நிதானமாகத் தின்னும். எருக்கின் நஞ்சு புழுவின் உடம்பில் சேர்ந்து பட்டாம்பூச்சி ஆன பிறகும் தங்கிவிடும். அதனால்தான் பறவைகள் சீண்டுவதில்லை, அதுவும் அவசரமே இல்லாமல் மிதந்து போகிறது.

பூவுக்கு வருவது பெரிய கருவண்டு. தேன் குடிக்கும்போது அதன் கால் பூவின் நடுவிலுள்ள இடுக்கில் மாட்டி, இழுத்தால் மகரந்தப் பை ஒரு ஜோடியாகக் காலில் ஒட்டிக்கொண்டு வரும். மற்றப் பூக்களைப் போலத் தூளாகக் கொட்டாது. எறும்புக்கு அதை இழுக்கத் தெம்பு கிடையாது.

இலையைப் பறிக்காதீர்கள். முதல் வருடம் நான் பறித்துவிட்டு அதே கையால் கண்ணைக் கசக்கினேன். ஒரு வாரம் கண் மருத்துவமனைக்கு அலைந்தேன். எருக்கம்பால் கண்ணில் பட்டால் விளையாட்டில்லை.

விலங்கு என்று கேட்டால், ஓணான். இந்தப் பருவத்தில் ஆணுக்குத் தலையும் தோளும் சிவந்துவிடும். கல் மேல் ஏறித் தண்டால் எடுக்கும். சின்ன வயதில் இதைக் கல்லால் அடித்தவர்களில் நானும் ஒருவன், சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. சுவரோரம் காய்ந்த புழுதியில் புனல் மாதிரிக் குழிகள் தெரிந்தால் உள்ளே குழியானை என்ற சின்னப் பூச்சி இருக்கிறது. ஓர் எறும்பு விளிம்பில் சறுக்கும்வரை காத்திருங்கள். அடியிலிருந்து மண்ணை வாரி அடிக்கும்.

மேலே குயில் கத்துவது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கூவல் ஆணுடையது. பெண் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது. கிக் கிக் கிக் என்று கத்திக்கொண்டு பறக்கும். பக்கத்தில் காக்கைக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள், காக்கைகள் குயிலைத் துரத்தும் காட்சி சும்மாவே கிடைக்கும்.

ஒரு சின்ன நோட்டும் செல்போன் கேமராவும் போதும். தேதி, நேரம், எந்த இலை என்று எழுதி வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை.

போன வருடம் வைகாசியில் மனைக்காரர் பொக்லைன் விட்டு எல்லாவற்றையும் வழித்துவிட்டார். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆடியில் தற்செயலாகப் பார்த்தால், மண்ணுக்குள் கிடந்த வேரிலிருந்து முழங்கால் உயரம் துளிர்த்திருந்தது. குனிந்து ஒரு இலையைத் திருப்பினேன். வெள்ளைப் புள்ளி.