வைரஸ் போன பிறகும் மூளையில் அழற்சி ஏன்? அப்போது ஸ்டீராய்டு கொடுக்கலாமா?

கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் அப்பாவுக்கு 54 வயது. நெல், மஞ்சள் விவசாயம். காய்ச்சலும் உளறலுமாகத் தொடங்கி வலிப்பும் வந்ததால் கோவையில் சேர்த்தோம். ஹெர்பிஸ் வைரஸால் வந்த மூளைக்காய்ச்சல் என்று 21 நாள் அசைக்ளோவிர் ஊசி போட்டார்கள். தேறி வீட்டுக்கு வந்து தோட்டத்துக்கும் போய்ப் பார்த்தார். ஒரு மாதம் கழித்துத் தூக்கம் போய்விட்டது. எங்களையே சந்தேகப்படுகிறார். வாய் எதையோ மெல்வதுபோல் அசைந்துகொண்டே இருக்கிறது. மறுபடியும் முதுகில் நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, வைரஸ் இல்லை, எதிர்ப்பொருள் இருக்கிறது, ஸ்டீராய்டு போடவேண்டும் என்கிறார் மருத்துவர். வைரஸ் வந்தவருக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்தைப் போடலாமா? பெரியப்பா, முதலில் பாரியூர் அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார். குழந்தைகளை அவர் பக்கத்தில் விடலாமா?"

உங்கள் மருத்துவர் சொல்லும் வழி சரியானது. அதைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டாம் முறை எடுத்த தண்டுவட நீரில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் ஹெர்பிஸ் இல்லை என்று வந்திருக்கிறது, கிருமியைத் தாக்க உடல் தயாரிக்கும் புரதமான எதிர்ப்பொருள் உண்டு என்று வந்திருக்கிறது, அறிகுறிகளும் அதற்குப் பொருந்துகின்றன என்னும்போது, இப்போது உங்கள் அப்பாவுக்கு இருப்பது பழைய நோயின் மிச்சம் அன்று. அதன் பின்னால் வந்த வேறொரு நோய். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் ஸ்டீராய்டு பற்றிய அச்சம் பெருமளவு நீங்கிவிடும்.

முதல் நோயை ஏற்படுத்தியது ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் என்னும் வைரஸின் முதல் வகை. உதட்டோரத்தில் காய்ச்சல் கொப்புளம் உண்டாக்குவதும் இதுவே. (நம் ஊர்களில் குயவரிடம் காவி எழுதிக்கொள்ளும் அக்கி, இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வைரஸால் வருவது.) பெரியவர்களில் மிகப் பலருடைய உடலில், முகத்துக்குச் செல்லும் நரம்பின் முடிச்சில், இது வாழ்நாள் முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ 2 முதல் 4 பேருக்கு மட்டும் மூளையைத் தாக்குகிறது. தாக்கும்போது பெரும்பாலும் காதுக்கு உட்புறமாக உள்ள பொட்டு மடலையே பிடிக்கும். நினைவு, பேச்சு, உணர்ச்சி ஆகியவற்றின் இடம் அது என்பதால்தான் காய்ச்சலோடு உளறலும் சேர்ந்து வந்தது. அசைக்ளோவிர் வருவதற்கு முன்பு இந்நோய் கண்டவர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் இறந்துபோனார்கள். 1986இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அசைக்ளோவிர் பெற்றவர்களிடம் அந்த அளவு 28 விழுக்காடாகக் குறைந்தது. வைரஸ் தனக்கென உண்டாக்கும் ஒரு நொதிதான் இந்த மருந்தையே செயல்படவைக்கிறது. ஆகவே வைரஸ் புகுந்த அணுக்களில் அது கடுமையாகவும் மற்ற அணுக்களில் மிகக் குறைவாகவும் வேலை செய்கிறது. இம்மருந்து உருவானதில் பெரும் பங்கு வகித்த கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே 21 நாள் ஊசி வீண்போகவில்லை; உங்கள் அப்பாவின் உயிரைக் காத்தது அதுவே.

ஆனால் வைரஸ் அழிந்தாலும் அது விட்டுச்சென்ற குழப்பம் உடனே அடங்குவதில்லை. நரம்பணுக்கள் சிதைந்தபோது அவற்றுக்குள் மறைந்திருந்த புரதங்கள் வெளியே கொட்டுகின்றன. தடுப்பாற்றல் அணுக்கள் வழக்கமாக அவற்றைப் பார்ப்பதே இல்லை. இரத்தத்தில் உள்ளவை மூளைக்குள் புகாமல் காக்கும் தடுப்புச் சுவரும் அழற்சியால் தளர்ந்திருக்கும் வேளையில் பார்த்துவிட்டு, அந்நியப் பொருள் என்று தவறாகக் கருதி எதிர்ப்பொருளைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகின்றன என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகச் சில வாரங்கள் பிடிக்கும். இடையில் நோயாளி தேறி, தோட்டத்துக்குப் போகும் அளவுக்கு நடமாடி, பிறகு திடீரென்று மாறுவது அதனால்தான்.

அந்த எதிர்ப்பொருள் பெரும்பாலும் குறிவைப்பது என்எம்டிஏ ஏற்பி என்னும் புரதத்தை. கற்பதற்கும் நினைவுக்கும் தேவையான சமிக்ஞை ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குப் பாய்வதை முறைப்படுத்தும் இதை, உங்கள் பக்கத்துத் தடப்பள்ளி பாசன வாய்க்காலின் மதகு என்று எண்ணிக்கொள்ளுங்கள். வைரஸ் வாய்க்காலின் கரையையே உடைத்தது. எதிர்ப்பொருளோ கரையைத் தொடாமல் மதகுகளை மட்டும் கழற்றி உள்ளே இழுத்துவிடுகிறது. எதிர்ப்பொருள் குறைந்தால் மதகுகள் மீண்டும் மேலே வந்து சேரும். இரண்டாவது நோயால் வந்த பாதிப்பில் பெரும்பகுதி மீளக்கூடியதாக இருப்பதற்கும், அதற்கு ஸ்டீராய்டு உதவுவதற்கும், காலம் கடத்தக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

இந்த எதிர்ப்பொருளால் வரும் மூளை அழற்சியை 2007இல் ஜோசப் டால்மாவும் அவருடைய குழுவினரும் விளக்கினார்கள். அப்போது அது சூலகக் கட்டியுள்ள இளம்பெண்களின் நோயாகவே அறியப்பட்டது. ஹெர்பிஸ் தாக்கிய பிறகும் அதே எதிர்ப்பொருள் தோன்றலாம் என்பது சில ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று. 2018இல் ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், ஹெர்பிஸ் மூளை அழற்சி வந்த 51 பேரைத் தொடக்கத்திலிருந்தே தொடர்ந்து கவனித்ததில், 14 பேருக்கு, அதாவது 27 விழுக்காட்டினருக்கு, இந்த இரண்டாவது நோய் வந்தது. அனைவருக்குமே முதல் நோய் தொடங்கிய மூன்று மாதத்துக்குள் வந்துவிட்டது. பெரியவர்களுக்கு நடத்தை மாற்றமும் மனநலக் குறிகளும் மேலோங்கி நின்றன. சிறு குழந்தைகளுக்குக் கைகால்கள் தாமாக நெளிவதும் வலிப்பும் மிகுதி. உங்கள் அப்பாவின் தூக்கமின்மை, சந்தேகம், வாயசைவு மூன்றும் இந்த வரலாற்றுக்குள் அப்படியே அடங்குகின்றன. நால்வரில் ஒருவருக்கு மேல் வரக்கூடிய ஒன்றைப் பற்றி டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரிகூட இல்லாமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது, என் கருத்தில், எங்கள் தொழிலின் குறை. மூன்று மாதம் கவனித்திருங்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நீங்கள் இவ்வளவு தவித்திருக்க மாட்டீர்கள்.

ஸ்டீராய்டு தொடங்குமுன் மருத்துவர் சிலவற்றை உறுதிசெய்துகொள்வார், நீங்களும் கேட்கலாம். வைரஸ் திரும்பி வருவது குறைவுதான் என்றாலும் இல்லாமல் இல்லை. ஆகவே பிசிஆர் முடிவு கைக்கு வரும்வரை அசைக்ளோவிரையும் சேர்த்தே போடுவது வழக்கம். வெளிப்படாத வலிப்பு இருக்கிறதா என்று, மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் இஇஜி பார்க்கவேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் லெவிடிரசெட்டாம் மாத்திரையே சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் உண்டாக்குவதால், அதைச் சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ச்சியாக வரக்கூடும். இன்னொன்று: எதிர்ப்பொருள் இருந்தாலும் அறிகுறியே இல்லாதவர்களும் உண்டு; அவர்களுக்கு இந்தச் சிகிச்சை கொடுப்பதில்லை. காகிதத்தில் உள்ள முடிவும் கண்முன் இருக்கும் நோயாளியும் பொருந்தவேண்டும். அதற்கு உங்கள் கைப்பேசியே உதவும். வாயசைவையும், இரவில் எழுந்து நடமாடுவதையும், பேச்சு தடுமாறுவதையும் ஓரிரு நிமிடம் படம் பிடித்துக் காட்டுங்கள்; பத்து நிமிடம் வாயால் விளக்குவதைவிட அது மேலானது.

முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விளங்காமல் போய்விடும் என்ற பயம் நம் பக்கத்தில் ஆழமாக இருக்கிறது. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது அதற்கும் கீழே. இரண்டு நாள் தலைவலி வரலாம். அதற்கு மேல் எதுவும் அரிதே. இந்நோயில் தண்டுவட நீரின் முடிவே நம்பத்தக்கது. இரத்தத்தில் மட்டும் பார்த்தால் சிலருக்குத் தவறிப்போகும். இம்யூனோகுளோபுலின் செலுத்தப்போகிறார்கள் என்றால், எதிர்ப்பொருள் சோதனைக்கான இரத்தத்தை அதற்கு முன்பே எடுத்துவிடவேண்டும். அது தானம் செய்த பலருடைய இரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்பொருள் ஆகையால் பின்னால் எடுக்கும் சோதனைகளைக் குழப்பும்.

சிகிச்சையில் பொதுவாக மெத்தில்பிரெட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டு நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாள் இரத்த நாளம் வழியாகச் செலுத்தப்படும். அத்துடன் இம்யூனோகுளோபுலினை உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் என்ற மொத்த அளவில், பெரும்பாலும் 5 நாளில் பிரித்துக் கொடுப்பார்கள். இல்லையேல் எதிர்ப்பொருள் கலந்த இரத்த நீரை வெளியேற்றி மாற்றும் பிளாஸ்மா மாற்றம் செய்வார்கள். போதிய பலன் இல்லாவிட்டால் அடுத்த படி, தடுப்பாற்றலை அடக்கும் ரிடுக்ஸிமாப் என்னும் மருந்து. அதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி சோதனை கட்டாயம். காசநோய் இருந்ததுண்டா என்றும் கேட்பார்கள், மறைக்காதீர்கள். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் ஸ்டீராய்டு ஊசியால் சர்க்கரை ஏறும், தினமும் பார்த்தாகவேண்டும். இம்யூனோகுளோபுலின் விலை அதிகம்; முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த அளவுக்கு இடமுண்டு என்பதை மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு அலுவலரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பெரியப்பாவிடம் சண்டை வேண்டாம். அம்மனை வேண்டிக்கொள்வதற்கு ஊசி தடையில்லை. ஊசியை முடித்துக்கொண்டு போகலாம். எனக்கு அதைவிடக் கவலை தருவது, இதை மனநோய் என்று மட்டும் நினைத்து வேறிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மனநல மருத்துவரின் உதவி தேவைப்படலாம். ஆனால் இந்த எதிர்ப்பொருள் உள்ளவர்களுக்குச் சில மனநல மருந்துகள் உடல் விறைப்பையும் கடும் காய்ச்சலையும் உண்டாக்கக்கூடும் என்பதால், முழு வரலாற்றையும் அவரிடம் சொல்லவேண்டும்.

குழந்தைகளை அவர் பக்கத்தில் விடலாம். எதிர்ப்பொருள் தொற்றாது, ஹெர்பிஸ் மூளை அழற்சியும் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு அந்த வடிவில் பரவுவதில்லை. ஆனால் அவருடைய சந்தேகமும் கோபமும் அடங்கும்வரை குழந்தைகளை அவரிடம் தனியாக விடாதீர்கள், அவ்வளவுதான். நீங்கள் வயல்வெளியில் இருப்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: நெல் வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முற்றிலும் வேறு நோய், இந்தியாவில் அது முதன்முதலாக 1955இல் வேலூர்ப் பகுதியில்தான் கண்டறியப்பட்டது. அதற்கு வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. அதற்குப் பின்னாலும் குழந்தைகளிடம் இதே எதிர்ப்பொருள் நோய் பதிவாகியிருக்கிறது.

வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை மாதக்கணக்கில் தொடரலாமா என்றும் பலர் கேட்பதுண்டு. ஊசி முடிந்தபின் வாலாசைக்ளோவிர் மாத்திரையை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. நினைவாற்றலிலோ பிறவற்றிலோ கூடுதல் பலன் காணப்படவில்லை. அந்தச் செலவை நினைவுப் பயிற்சிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் ஊசிகளுக்குப் பிறகு தூக்கமும் சுபாவமும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், மெல்லத் திரும்பும்; வைரஸ் தின்ற பகுதியால் ஏற்பட்ட மறதி கொஞ்சம் நிலைத்துவிடவும் கூடும். அதுவரை கிணற்று மேட்டுக்குத் தனியாகப் போவது, மோட்டார் போடுவது, வண்டி ஓட்டுவது மூன்றையும் நிறுத்திவையுங்கள். வலிப்பு இல்லாமல் எவ்வளவு காலம் கழிந்தபின் அனுமதிக்கலாம் என்பதை மருத்துவர் தேதி குறித்துச் சொல்லட்டும். இடையில் வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, எழுப்பினாலும் எழாமல் கிடந்தாலோ, மூச்சு தடுமாறினாலோ, கோவைக்கு வாடகைக் கார் தேடாமல் 108ஐ அழைத்து, அருகில் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு முதலில் கொண்டுசெல்லுங்கள்.