ஏழு மெகாஹெர்ட்ஸில் தூத்துக்குடி கேட்கிறதா?

வள்ளியூர் வாசகர் ஒருவர் கேட்கிறார்: ‘கணினியில் செருகும் ஆர்டிஎல் டாங்கிளைச் சிற்றலைக்கு மாற்றி, பெட்டி போட்டு, மென்பொருளால் இயங்கும் எஸ்டிஆர் ரிசீவராக விற்கிறேன். 7 மெகாஹெர்ட்ஸில் ஹாம்காரர்கள் (பொழுதுபோக்காக வானொலியில் பேசுகிறவர்கள்) பேச்சை மூடிக்கொண்டு தூத்துக்குடி வானொலி கேட்கிறது என்று நான்கு பேர் திருப்பித் தந்துவிட்டார்கள். ஆம்ப்ளிஃபையர் போட்டால் தீருமா? லைசென்ஸுக்கு ஒரு ஏஜென்ட் 15,000 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா?’

ஆம்ப்ளிஃபையரைத் தொடவே தொடாதீர்கள். தூத்துக்குடி நிலையம் மத்திய அலையில், 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட். கடல் தாண்டி இலங்கைக்குப் போகிற சக்தி, உங்கள் மொட்டைமாடிக் கம்பியிலும் வந்து கொட்டுகிறது. டாங்கிள் சிப் அலையை 256 படிகளில்தான் அளக்கும். பெரிய குரல் அத்தனை படிகளிலும் ஏறி உட்கார்ந்துவிட்டால் சன்னக் குரலுக்கு நிற்க இடம் ஏது? ஆம்ப்ளிஃபையர் போட்டால் பெரிய குரல் இன்னும் பெரிதாகும், அவ்வளவுதான்.

ஆன்டெனா கம்பி நுழையும் வாசலில், மத்திய அலையைத் தடுக்கும் ஒரு ஃபில்டர் போதும். 1200 பிகோஃபாரட் கண்டென்சர் இரண்டைத் தொடராக வைத்து, நடுவிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு காயில். டி37-2 என்ற சிவப்பு இரும்புத்தூள் வளையத்தில் எனாமல் கம்பி 20 சுற்று. 1053-ன் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும்; 7 மெகாஹெர்ட்ஸ் தடையின்றி வரும்.

ஆனால் வளையத்தை வாங்கும்போது உஷார். ஏதோ ஒரு ஃபெரைட் வளையத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துத் தலையில் கட்டிவிடுகிறார்கள். நானே ஒரு பை நிறைய வாங்கி ஏமாந்தேன். 20 சுற்றுச் சுற்றி காயிலை அளக்கும் எல்சி மீட்டரில் வையுங்கள்; 1.6 மைக்ரோஹென்றி அளவில் காட்டவேண்டும். இருபது, முப்பது என்று ஏறினால் போலி. கடைக்காரர் ‘எல்லாம் ஒண்ணுதான் சார்’ என்பார், நம்பாதீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு: மத்திய அலையே கேட்க விரும்புகிறவர். திருநெல்வேலி நிலையத்துக்காகவே வாங்கும் பெரியவருக்கு இந்த ஃபில்டர் போட்ட பெட்டி ஊமைப்பெட்டிதான். அவருக்காக ஃபில்டரைத் தாண்டிப்போக ஒரு சுவிட்ச் வையுங்கள். ‘மத்திய அலை’, ‘சிற்றலை’ என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் சுவிட்ச் தவறான பக்கம் கிடக்கும், பெட்டி மறுபடி உங்களிடமே வரும்.

ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்த ஏஜென்டுகள் வழக்கமாகக் காட்டும் இடிஏ (கருவி வகை ஒப்புதல்) சான்று வைஃபை, புளூடூத் போல உரிமம் வேண்டாத அலைவரிசையில் அலை பரப்பும் கருவிகளுக்கானது. உங்கள் பெட்டி கேட்க மட்டுமே செய்கிறது. அலைவரிசைகளை நிர்வகிக்கும் டெல்லி டபிள்யூபிசி பிரிவுக்கு நீங்களே சர்க்யூட் படத்தோடு எழுதி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வைத்திருப்பதற்கே உரிமம் கேட்ட 1933-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதுச்சட்டம் நிறைவேறியும், சிறு தயாரிப்பாளருக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கம் எழுத டெல்லி அதிகாரிகளுக்கு மனம் வரவில்லை. அந்த இருட்டில்தான் ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள்.

திரும்பி வந்த நான்கு பெட்டிகளிலும் முதலில் ஃபில்டரை வைத்துக் கொடுத்துவிடுங்கள். ஐந்தாவது பெட்டியிலிருந்து விலை பேசலாம்.