குடுங்க சார், நான் போட்டுடறேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் வங்கிக் கதைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 11 பேர் கொண்ட டீமுக்கு லீடாக இருக்கிறேன். வயது 34. லீட் ஆகி எட்டு மாதம்தான் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு. சின்னப் பையன்கள் ஆறு மணி அடித்தால் லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள். அதைக்கூடச் சமாளித்துவிடலாம். டீமில் 47 வயதில் ஒரு சீனியர் இருக்கிறார். மீட்டிங்கில் கேமராவைப் போடுவதே இல்லை. கேட்டால் மட்டும் பதில். புதிதாக வந்திருக்கும் ஏஐ கருவியில் அவர் இன்னும் லாகின்கூடச் செய்யவில்லை. டிரெய்னிங் போட்டேன், வரவில்லை. கஷ்டப்படுகிறாரே என்று அவர் வேலையில் பாதியை இளையவர்களுக்கு மாற்றினேன், அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. வாராவாரம் குரூப்பில் 'ஸ்டார்' கொடுத்துப் பாராட்டுகிறேன், அதையும் பார்த்ததோடு சரி. ஹெச்.ஆரில் அவரை 'பிப்'பில் போடச் சொல்கிறார்கள், அதாவது கெடு வைக்கச் சொல்கிறார்கள். இப்படிப்பட்டவரை எப்படி மோட்டிவேட் செய்வது? இதற்கு நல்ல புத்தகம் ஏதாவது இருக்கிறதா?

அன்புடன்,
க., சென்னை

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பாஸ்புக்கில் என்ட்ரி போடப் போய் அவமானப்பட்டுத் திரும்பியிருந்தேன். இப்போது அதற்கு மெஷின் வைத்திருக்கிறார்கள் அல்லவா, பாஸ்புக்கை விரித்து உள்ளே விட்டால் அதுவே அச்சடித்துத் துப்பும். நான் விட்டேன், துப்பியது, ஆனால் அச்சடிக்கவில்லை. திருப்பி விட்டேன். மறுபடி துப்பியது. எனக்குப் பின்னால் நாலு பேர். உள்ளேயிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள், இருபத்து நாலு வயது இருக்கும், "குடுங்க ஆன்ட்டி, நான் போட்டுத் தர்றேன்" என்று என் கையிலிருந்து பாஸ்புக்கை வாங்கி, பத்து நொடியில் முடித்து, சிரித்துக்கொண்டே கொடுத்தாள். தங்கமான பெண். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஆட்டோவில் ஏறிய பிறகும் எனக்கு முகம் சுட்டுக்கொண்டே இருந்தது. 33 வருடம் கவுன்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவள் நான். ஆட்டோ பாலத்தைத் தாண்டும்போதுதான் உறைத்தது, அந்த வாக்கியம் என்னுடையது. 1995இல் நான் ஒருவரிடம் சொன்னது.

அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் உதிரிக் கேள்விகள். புத்தகம் வேண்டாம், ஏற்கெனவே நிறையப் படித்துவிட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தின் சொற்களிலேயே தெரிகிறது. பையன்கள் ஆறு மணிக்குக் கிளம்பினால் கிளம்பட்டும், நீங்களும் கிளம்புங்கள், உங்களுக்கும் வீடு இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பது பற்றி எனக்கு அபிப்பிராயம் கிடையாது. நாங்கள் கேஷ் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது.

அப்புறம் இந்த ஸ்டார். எங்கள் வங்கியின் பயிற்சிக் கல்லூரிக்கு எத்தனை முறை போனாலும் அத்தனை முறையும் யாராவது ஒருவர் ஹாதார்ன் ஆலைக் கதையைச் சொல்வார். சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் தொழிற்சாலை, 1924இல் ஆரம்பித்த சோதனை, விளக்கைக் கூட்டினாலும் வேலை கூடியது, குறைத்தாலும் கூடியது, ஆகவே ஊழியர்களைக் கவனியுங்கள், அவ்வளவுதான், டீ பிரேக். அதே ஆலையில் 1931-32இல் நடந்த இன்னொன்றைப் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வயர் பூட்டும் 14 ஆண்களைத் தனி அறையில் வைத்துப் பார்த்தார்கள். அதிகம் செய்தால் அதிகக் கூலி என்ற ஏற்பாடு. ஆனாலும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அவர்களாகவே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள், அதைத் தாண்டி வேகம் காட்டியவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் மேல்கையில் ஒரு குத்து விட்டான். மேலிடத்தில் போட்டுக் கொடுக்கிறவனுக்கும் மரியாதை கிடையாது. உங்கள் குரூப்பில் கைதட்டும் பொம்மை போடுகிறார்களே, அதில் எத்தனை கைதட்டல், எத்தனை குத்து என்று உங்களுக்குத் தெரியாது தம்பி. ஒருவரை உயர்த்தி மற்ற பத்துப் பேரைப் பார்க்க வைப்பதற்குப் பாராட்டு என்று பெயரா? நிறுத்திவிடுங்கள். யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

சரி, 1995. கும்பகோணம் பக்கம் ஒரு கிளை. அதற்கு முன் பத்து வருடம் கணினியே கூடாது என்று கொடி பிடித்து ஊர்வலம் போனவள்தான் நானும். 1993 அக்டோபரில் சங்கங்களும் வங்கிகளும் கணினிமயத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள், கொடியைச் சுருட்டி வைத்துவிட்டு நான் பயிற்சிக்குப் போனேன். கற்றுக்கொண்டு வந்ததில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

எங்கள் கிளையில் சேவிங்ஸ் லெட்ஜர் பார்த்தவரைப் 'பெரியவர்' என்போம், அப்போது அவருக்கு 48 வயதுதான். உங்கள் சீனியரைவிட ஒரு வயது அதிகம், பார்த்துக்கொள்ளுங்கள். விட்ராயல் ஸ்லிப்பைக் கையில் வாங்கும்போதே கையெழுத்து யாருடையது என்று சொல்வார், கார்டைப் புரட்ட மாட்டார். அந்தக் காலத்தில் பத்தாம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த ஆகக் குறைந்த தொகைக்குத்தான் வட்டி, 2010 ஏப்ரலில்தான் தினசரி இருப்புக்கு மாறியது. ஆகவே ஒவ்வொரு கணக்குக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தக் குறைந்த தொகையைக் கண்ணால் தேடிப் பிடித்து எழுத வேண்டும். அவர் ஆள்காட்டி விரலைப் பக்கத்தின் மேலிருந்து கீழே ஓட்டுவார், விரல் எங்கே நிற்கிறதோ அதுதான் தொகை.

மெஷின் வந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. மேனேஜர் ஸ்வீட் வாங்கி வைத்துக் கூட்டம் போட்டார், மாற்றம் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு யார் ஒரு நாளில் எத்தனை வவுச்சர் போட்டார்கள் என்று கரும்பலகையில் எழுத ஆரம்பித்தார். உங்கள் ஸ்டாருக்கு அதுதான் பாட்டன். புதிதாக வந்த பையன் 200. பெரியவர் 31. பலகையில் அந்த 31ஐப் பார்க்காத மாதிரி நடந்துபோக எல்லோரும் பழகிக்கொண்டோம்.

அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவள் நான். அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தையும் தேடுவார். கவுன்டரில் கூட்டம். லெட்ஜரில் ஓடிய அதே விரல்தான், கீபோர்டில் வழி தெரியாமல் அந்தரத்தில் நிற்கும். எனக்குப் பொறுக்கவில்லை. கீபோர்டை என் பக்கம் இழுத்துக்கொண்டு, "குடுங்க சார், நான் போட்டுடறேன்" என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். மறுநாளும் சொன்னேன். ஒரு வாரத்தில் அவரே நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டார், நான் கேட்காமலேயே. அடுத்த மாதம் அவரை டெஸ்பாட்சில் போட்டார்கள். தபால் தலை ஒட்டுகிற வேலை.

கதை அதோடு முடிந்திருந்தால் வயதானவர், கற்றுக்கொள்ளவில்லை என்று நானும் மறந்திருப்பேன். லெட்ஜர் இருப்பையெல்லாம் கணினியில் ஏற்றி மொத்தத்தை எடுத்தபோது 6,300 ரூபாய் இடித்தது. மூன்று ராத்திரி உட்கார்ந்தோம், பரோட்டா வாங்கித் தின்றுகொண்டு ஒவ்வொரு கணக்காக டிக் போட்டோம். கிடைக்கவில்லை. நாலாம் நாள் பெரியவர் தபால் பையோடு போகிறவர் நின்று, "எவ்வளவு இடிக்குது?" என்றார். சொன்னேன். "ஒன்பதால வகுபடுது. எண்ணு இடம் மாறியிருக்கு. எழுநூறு தடவை ஒன்பது. அப்போ ஆயிரத்து இடத்துலயும் நூறு இடத்துலயும் எட்டும் ஒண்ணும், இல்ல ஒன்பதும் ரெண்டும், இல்ல ஏழும் பூஜ்யமும். அதை மட்டும் பாருங்க" என்றார். ஓரத்தில் ஓட்டை போட்ட அந்த அகலக் காகிதத்தில் நின்றுகொண்டே விரலை ஓட்டினார். நாலாவது தாளில் நின்றது. 8,100 இருக்க வேண்டிய கணக்கில் 1,800. ஏற்றியவள் நான்தான்.

எல்லோரும் ஆஹா என்றோம். மேனேஜர் முதுகில் தட்டினார். அவர் தபால் பையை எடுத்துக்கொண்டு போனார். மறுநாளும் டெஸ்பாட்சுக்குத்தான் போனார், ஏனென்றால் எங்களில் ஒருவருக்குக்கூட, "சார், இந்த டேலி பார்க்கிற வேலையை நீங்களே வச்சுக்குங்க" என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றவில்லை. அதுதான் விஷயமே. கீபோர்டைப் பிடுங்கத் தெரிந்த எனக்கு.

2001இல் வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வுத் திட்டம், வந்தபோது போய்விட்டார். பொதுத்துறை வங்கிகளில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் அப்போது போனார்கள், அதில் ஒருவர். ஒரு வருடச் சேவைக்கு 60 நாள் சம்பளம், அல்லது மிச்சமிருக்கும் மாதங்களுக்கான சம்பளம், எது குறைவோ அது. நான் கால்குலேட்டரை எடுப்பதற்குள் அவர் படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் தொகையை எழுதிவிட்டிருந்தார். சரிபார்த்தேன், பைசா சுத்தம்.

இப்போது உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படியுங்கள். கேமரா போடவில்லை, லாகின் செய்யவில்லை, டிரெய்னிங்குக்கு வரவில்லை என்று அவர் செய்யாதவற்றையெல்லாம் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். நடுவில், போகிற போக்கில், அவர் வேலையில் பாதியை இளையவர்களுக்கு மாற்றினேன் என்கிறீர்கள். எனக்கு உடம்பே எரிந்துவிட்டது. கேட்டீர்களா அவரை? "உங்களிடமிருந்து இதை எடுக்கிறேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னீர்களா? இருபது வருடமாக ஒரு மனிதன் கையில் வைத்திருந்ததைப் பிடுங்கிவிட்டு, அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று ஆச்சரியம் வேறு. என்ன சொல்வார்? நன்றி என்றா? பெரியவரும் ஒன்றும் சொல்லவில்லை, நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். உங்கள் ஆள் கேமராவை மூடிக்கொள்கிறார். பையன்கள் நிறைந்த வகுப்பில் 47 வயதில் ஒன்றாங்கிளாஸ் மாணவனாக உட்கார யாருக்கும் பிடிக்காது, எனக்குப் பாஸ்புக் மெஷின் முன்னால் நிற்கப் பிடிக்காத மாதிரி. அதற்குப் பெயர் ஊக்கக் குறைவு இல்லை, வெட்கம். வெட்கப்படுகிறவனுக்கு ஸ்டார் கொடுப்பீர்களா?

நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம். அவர் அசல் சோம்பேறியாகவே இருக்கலாம், எங்கள் கிளையிலேயே பதினொரு மணிக்கு வந்து பனியன் வியாபாரம் பார்த்தவர் ஒருவர் இருந்தார், அவரை எந்த மகானாலும் திருத்தியிருக்க முடியாது. ஆனால் உங்கள் ஆள் எந்த ரகம் என்று உங்களுக்கே தெரியாது என்பதுதான் எனக்கு இந்தக் கடிதத்தில் தெரிகிறது. எட்டு மாதமாக அவருக்கு மேலே இருக்கிறீர்கள், அவருக்கு என்ன தெரியும் என்று ஒரு வரி இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ராத்திரி உட்கார்ந்து இவ்வளவு எழுதிக் கேட்கிறீர்களே, எங்கள் மேனேஜர் யாரிடமும் கேட்டதில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு உரிமையோடு திட்டுகிறேன்.

கெடு வைப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். ஆபீஸ் வருகிற ஒரு நாளில் அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள், உங்கள் டீமில் எந்தப் பழைய புரோகிராம் உடைந்தால் எல்லோரும் முழிப்பீர்களோ அதை எடுத்து, இது எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள். பாவனையாகக் கேட்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார். உண்மையாகவே உங்களுக்குத் தெரியாததாகப் பார்த்துக் கேளுங்கள், எட்டு மாத லீடுக்கு அப்படி நிறைய இருக்கும். கையில் பேனாவும் காகிதமும் இருக்கட்டும். கீபோர்டைத் தொடாதீர்கள்.

என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். கேமராவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.