அடுப்படித் தெலுங்கும் எம்.ஏ. ஒப்பிலக்கியமும்

கேள்வி: ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை கடைசி ஆண்டு படிக்கிறேன். அடுத்து ஒப்பிலக்கியத்தில் முதுகலை சேர ஆசை. அதற்காக ஆறு மாதமாக ஃபிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன். உலக நாவல்கள் நிறைய ஆங்கிலத்தில் படித்திருக்கிறேன். "இதைப் படித்தால் என்ன வேலை?" என்று அப்பா ஓயாமல் கேட்கிறார். அவருக்கு இலக்கியம் புரியாது. அம்மாவும் எண்பத்திரண்டு வயதுப் பாட்டியும் தெலுங்கில் பேசிக்கொள்வார்கள். எனக்குக் கேட்டால் புரியும், எழுதப் படிக்கத் தெரியாது. அது வெறும் வீட்டுப் பேச்சு. இந்தப் படிப்புக்கு எதிர்காலம் உண்டா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மகளே, "வெறும் வீட்டுப் பேச்சு" என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை விட்டு என்னால் நகர முடியவில்லை. எதிர்காலத்தைப் பிறகு பார்ப்போம். பிறந்ததிலிருந்து காதில் விழும் ஒரு மொழியைக் கணக்கிலேயே சேர்க்காமல், காசு கட்டி இன்னொரு மொழிக்கு அலைகிறாய். நீ சேர ஆசைப்படும் படிப்பு எதைப் பற்றியது என்பது உனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஒப்பிலக்கியம் என்பது நிறைய நாவல் படித்தவர்களுக்கான படிப்பு இல்லை. இரண்டு மொழிகளையாவது மூலத்திலேயே படித்து, ஒன்றில் நடப்பது இன்னொன்றில் ஏன் வேறு மாதிரி நடக்கிறது என்று காட்டுகிற வேலை அது. எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகப் படித்தவள், முடிவில் ஆங்கிலத்தை ஆங்கிலத்தோடுதான் ஒப்பிடுவாள்.

ஒரு சின்ன உதாரணம். தமிழில் நாம், நாங்கள் என்று இரண்டு உண்டு. தெலுங்கில் மனமு, மேமு. கேட்பவரைச் சேர்த்துக்கொண்டு பேசுகிறோமா, வெளியே நிறுத்திப் பேசுகிறோமா என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். ஒரு மாமியார் மருமகளிடம் 'மனமு' என்பதை விட்டு 'மேமு' என்று சொன்னால், குடும்பம் அங்கேயே இரண்டாகிவிடுகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். உன் ஃபிரெஞ்சிலும் ஒரே சொல்தான். மொழிபெயர்ப்பில் படிப்பவளுக்கு அந்தக் காயம் கண்ணில் படாது. உனக்குப் படும். அகராதி பார்த்து யாரும் சம்பாதித்துவிட முடியாத காது அது, உன் பாட்டி கொடுத்தது. அதைத்தான் நீ "வெறும்" என்கிறாய்.

ஆராய்ச்சிப் பொருளுக்கும் நீ வெகுதூரம் போகத் தேவையில்லை. தமிழில் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் வந்தது. தெலுங்கில் கந்துகூரி வீரேசலிங்கத்தின் ராஜசேகர சரித்திரமு 1880-இல் நூலாயிற்று. மலையாளத்தில் சந்து மேனோனின் இந்துலேகா 1889. ஏறக்குறைய பத்து ஆண்டுக்குள் மூன்று அண்டை மொழிகளில் நாவல் முளைக்கிறது. வீரேசலிங்கம் கோல்ட்ஸ்மித்தின் 1766-ஆம் ஆண்டு ஆங்கில நாவலை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். சந்து மேனோன் டிஸ்ரேலியின் நாவலொன்றை மொழிபெயர்க்க முயன்று, சரிவராமல் விட்டுவிட்டுத் தானே ஒன்று எழுதினார். கடன் வாங்கிய குடும்பக் கதை தெலுங்கு வீட்டுக்குள் நுழையும்போது எது கழன்று விழுந்தது, எது புதிதாக ஒட்டிக்கொண்டது? இது ஆய்வேட்டுக்குத் தாங்கும் கேள்வி. "இரண்டு நாவலிலும் துயரப்படும் பெண்கள் வருகிறார்கள்" என்பது தாங்காது. முதுகலை ஆய்வேடுகள் கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான்: ஒற்றுமைப் பட்டியல் நீளும், ஏன் என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. தாக்கம் என்று சொன்னால் அந்த நூல் இவர் கைக்கு எப்படி வந்தது என்று காட்ட வேண்டும்: முன்னுரை, கடிதம், மொழிபெயர்ப்பு வெளியான ஆண்டு. தாக்கமே இல்லாமல் இரண்டைப் பக்கத்தில் வைத்தால், வைத்ததற்கு ஒரு காரணம் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். இலங்கைத் தமிழறிஞர் கைலாசபதி சங்க வீரப் பாடல்களை ஹோமரின் காவியங்களுக்குப் பக்கத்தில் வைத்தபோது (அந்த நூல் 1968-இல் வந்தது) வாய்மொழி மரபு என்ற ஒரே கேள்விதான் இரண்டையும் பிணைத்தது.

இனி எழுத்து. ஒரு நாளைக்கு அரை மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு மாதத்தில் தெலுங்கை எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம், ஏனென்றால் பொருள் உனக்கு ஏற்கெனவே தெரியும். சிக்கல் மூன்று இடங்களில் வரும். தமிழில் ஒரே 'க' இருக்கும் இடத்தில் அங்கே நான்கு; காதில் நீ கேட்டுப் பழகிய மொழிதான், ஆனால் கை தமிழ்ப் பழக்கத்தில் ஒன்றையே எழுதும். 'த' வரிசையில் முதலெழுத்தைத் தவிர மற்ற மூன்றுக்கும் உருவம் ஏறக்குறைய ஒன்றுதான், உள்ளே ஒரு புள்ளி, கீழே ஒரு சிறு கோடு என்று வேறுபடும். மூன்றாவது, ஒத்து எழுத்துகள்: இரட்டிக்கும் மெய் கீழே தொங்கும், சிலவற்றுக்கு உருவமே மாறிவிடும். அவற்றைத் தனியாக மனப்பாடம் செய்யாதே, சொல்லோடு சேர்த்து எழுதிப் பழகு.

படிக்க வந்ததும் வீரேசலிங்கத்திடம் போய்விடாதே, அந்தக் காலத்து ஏட்டு நடை மிரட்டிவிடும். 1897-இல் அச்சான குரஜாடா அப்பாராவின் கன்யாசுல்கம் நாடகத்தில் தொடங்கு, அது பேச்சு மொழியில் எழுதப்பட்டது. உங்கள் வீட்டுத் தெலுங்குக்கும் அதற்கும் நிறைய வேறுபாடு இருக்கும். இருக்கட்டும், அதையும் குறித்து வை. தலைமுறைகளாகத் தமிழுக்கு நடுவில் வாழ்ந்த தெலுங்கு தனியே ஓர் ஆய்வுப் பொருள்.

வேலைக்கு வருவோம். "ஒப்பிலக்கியம் படித்தவர் தேவை" என்று விளம்பரம் பார்ப்பது மிக அரிது. கேட்பது மொழிபெயர்ப்பாளரை, பதிப்பாசிரியரை, படங்களுக்கு வசன வரி (சப்டைட்டில்) எழுதுபவரை. கொல்கத்தாவின் யாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1956-லிருந்து இதற்கென்றே துறை இருக்கிறது, ஆனால் அப்படிப்பட்ட துறைகள் குறைவு, ஆசிரியர் இடங்கள் அதைவிடக் குறைவு. ஆங்கிலத் துறைக்கோ தமிழ்த் துறைக்கோ விண்ணப்பித்தால் உன் பட்டத்தைத் தொடர்புள்ள பாடமாக ஏற்பார்களா என்ற கேள்வி வரும். சேருவதற்கு முன்பே அதை எழுத்தில் கேட்டு வாங்கு. படித்து முடித்த பிறகு கேட்டு அழுதவர்களின் கடிதங்கள் எனக்குப் போதுமான அளவு வந்துவிட்டன.

நிலையான சம்பளம் பதிப்புப் பணியில் கிடைக்கும். மொழிபெயர்ப்பை மூலத்தோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்து, விட்டுப்போன வாக்கியத்தையும் திரிந்துபோன மரியாதை விகுதியையும் பிடிப்பதற்கு இரண்டு மொழியும் தெரிந்த ஆள் வேண்டும். கணினி செய்த மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் வேலைக்கும் அதே கண்தான். வசன வரி வேறு கைவண்ணம்: திரையில் இரண்டு வரிக்கு மேல் கூடாது, ஆறேழு வினாடிக்கு மேல் நிற்கக் கூடாது, பேசியதன் பொருளை இழக்காமல் சுருக்க வேண்டும்.

இலக்கிய மொழிபெயர்ப்பு மட்டும் உடனே சோறு போடாது. சர்வதேச புக்கர் பரிசு 2016-லிருந்து பரிசுத் தொகையை எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரிக்கிறது, 2025-இல் கன்னடத்திலிருந்து போன நூல் அதை வென்றது. சந்தோஷப்படு, ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதே. படிக்கும்போதே மாதிரி மொழிபெயர்ப்பு ஒன்று தயார் செய்: பத்துப் பதினைந்து பக்கம், அதில் உரையாடல் நிறைந்த ஒரு பகுதி, நூலைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. அதற்கு மேல் ஒரு வரி மொழிபெயர்க்கும் முன் உரிமை யாரிடம் இருக்கிறது என்று விசாரி. இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. முந்நூறு பக்கம் முடித்துவிட்டு, உரிமை வேறொருவருக்குப் போய்விட்டது என்று தெரிந்துகொள்வது இந்தத் தொழிலில் ஆரம்பக்காரர்கள் வழக்கமாகப் பண்ணும் தவறு.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடு. எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு, படிப்பு முடிந்து எத்தனை மாதத்துக்குள் என்ன வேலை, அது அமையாவிட்டால் அடுத்தது என்ன. சோறு போட்டுப் படிக்க வைப்பவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க முழு உரிமை உண்டு. அவருக்கு இலக்கியம் புரியாது என்று எழுதியது தப்பு. அவர் உன்னை இலக்கியம் பற்றிக் கேட்கவே இல்லை, வருமானம் பற்றிக் கேட்டார். பதில் சொல்வது உன் கடமை. சொன்ன பிறகும் எந்தப் படிப்பு என்பதை முடிவு செய்வது நீதான்.

இன்னொன்று. உன் அம்மாவுக்கே தெலுங்கு எழுத்து தெரியுமா என்று நீ எழுதவில்லை. கேட்டிருக்கவும் மாட்டாய். தமிழ்ப் பள்ளியில் படித்திருந்தால் அவருக்கும் தெரியாமல் இருக்கலாம். அப்படியானால் இரண்டு பேரும் சேர்ந்தே அரிச்சுவடியைத் திறங்கள். பாட்டியிடம் அனுமதி கேட்டு, வாரத்துக்கு இரண்டு முறை, இருபது நிமிடம், கைபேசியில் அவர் பேச்சைப் பதிவு செய். கதை, பழமொழி, வசவு, தாலாட்டு, எதுவானாலும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதியையும் பேசுபவர் பெயரையும் உன் குரலில் சொல். அன்று இரவே எழுதி வை, புரியாத சொல்லை மறுநாள் காலையில் அவரிடமே கேள். ஃபிரெஞ்சு வகுப்பு அடுத்த ஆண்டும் நடக்கும். பாட்டிக்கு வயது எண்பத்திரண்டு என்று நீதான் எழுதியிருக்கிறாய்.